கேளுங்கள், சொல்கிறேன்: மயாமியும் யாழ்ப்பாணமும்

கே: ஐயா, என்ர மச்சான் மயாமியில் இருக்கிறார். "எங்கட கவுண்டியும் உங்கட யாழ்ப்பாணமும் ஒரே மாதத்தில பிரண்டுட்டுது, ரெண்டு சனத்துக்கும் ஒரே குணம்" என்று போனில் பகிடி பண்ணுகிறார். உண்மையா?
– தவம், கோண்டாவில்

ப: மாதம் சரி. அங்கே 2024 நவம்பர் 5 ஜனாதிபதித் தேர்தல், இங்கே நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தல். குணம் ஒன்று என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கவுண்டி என்பதை எங்களுடைய மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மயாமி-டேட் கவுண்டியில் சுமார் 27 இலட்சம் சனம், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் லத்தீன் அமெரிக்க வழி வந்தவர்கள், அவர்களுக்குள்ளும் பெரிய கூட்டம் 1959இல் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்த பிறகு வீடு வாசலை விட்டு ஓடிவந்த கியூபாக்காரரும் அவர்களின் பிள்ளை, பேரப்பிள்ளைகளும். சோசலிசம் என்ற சொல்லைக் கேட்டாலே அவர்களில் பலருக்கு அடிவயிறு கலங்கும். பின்னால் வெனிசுவேலாவில் இருந்தும் நிக்கராகுவாவில் இருந்தும் வந்தவர்களுக்கும் அதே கலக்கம்தான். மயாமியில் கியூபாக்காரர் பகுதியான லிட்டில் ஹவானாவில் வெர்சாய் என்றொரு சாப்பாட்டுக்கடை இருக்கிறது, வெளியே ஒரு ஜன்னலால் சின்னக் கோப்பையில் கோப்பி நீட்டுவார்கள். வாக்குக் கேட்டு வருகிற பெரிய தலைகள் அந்தக் கடைப்பக்கம் முகம் காட்டுவது வழக்கம். (நல்லூரான் வாசலில் வேட்டியோடு நின்று படம் எடுக்கிற எங்கட ஆக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.)

இப்படிப்பட்ட இடமே 1988க்குப் பிறகு 2024 வரை ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியை வெல்ல விடவில்லை. 2016இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டன் ஏறத்தாழ 29 சதவீதப் புள்ளி முன்னுக்கு நின்றார். 2020இல் பைடனுக்கு அது 7 ஆகச் சுருங்கியது. 2024இல் குடியரசுக் கட்சியின் ட்ரம்ப் 11 புள்ளியால் வென்றார், பாதிக்கு மேல் வாக்கோடு. எட்டே வருடத்தில் 40 புள்ளி! பழைய பயம் ஒரு காரணம், வீட்டு வாடகையும் காப்புறுதிக் கட்டணமும் ஏறியது இன்னொன்று. எப்படியோ, பாதிச் சனத்துக்கு மேல் ஒரே பக்கம் போய் நின்றதைப் பிரண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கே நடந்தது வேறு. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 27,086 வாக்கு, 7 வீதம் சொச்சம். இரண்டு மாதம் கூட ஆகவில்லை, நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு, அதுதான் திசைகாட்டிச் சின்னத்துக்கு, 80,830. பாய்ச்சல்தான், மறுக்கவில்லை. கொழும்புக் கட்சி ஒன்று இங்கே முதலாவதாக வந்தது முன்பு நடக்காத காரியம். ஆனால் அது 25 வீதத்தைக் கூட எட்டவில்லையே, தம்பி! நாலில் மூன்று பேர் வேறு எங்கேயோ போட்டார்கள்.

கே: நாலில் ஒரு பங்கு வாக்குக்குத் திசைகாட்டிக்கு ஆறில் மூன்று ஆசனமா? என்ன கணக்கு இது?
– உயர்தர மாணவி, சாவகச்சேரி

ப: நல்ல கேள்வி, பிள்ளை. முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம், அதைச் சும்மா கொடுப்பார்கள். 5 வீதம் எடுக்காதவர்களை வெட்டிவிட்டு, மிச்ச வாக்கை மிச்ச ஐந்து ஆசனத்தால் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை சுமார் 48 ஆயிரம் வாக்கு. திசைகாட்டிக்கும் வீட்டுக்கும் (தமிழரசுக் கட்சி, 63,327) அதில் ஒவ்வொன்று. இன்னும் மூன்று இருக்கிறது, அவை கையில் அதிகம் மிஞ்சியவர்களுக்கு. திசைகாட்டியிடம் 32 ஆயிரத்துச் சொச்சம் மிச்சம், சைக்கிள் (தமிழ்க் காங்கிரஸ்) 27,986, ஊசி (ஒரு சுயேச்சைக் குழு) 27,855. ஆளுக்கு ஒன்று. வீட்டுக்காரரிடம் மிஞ்சியது 15 ஆயிரம் அளவில், அது எதற்கும் உதவவில்லை.

வீடு, சங்கு (ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி), சைக்கிள் மூன்றும் ஒரே பட்டியலில் நின்றிருந்தால்? அந்தக் கூட்டல் ஒரு இலட்சத்தைத் தாண்டும், போனசும் அந்தப் பக்கம் போயிருக்கும். பிரிந்து நின்றவர்கள் கொடுத்த பரிசு அந்த மூன்றாவது ஆசனம் என்பது என் கணக்கு.

இன்னொன்று. 44 பட்டியல், 396 வேட்பாளர்கள்! நான் போட்ட பாடசாலையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மம்மா வாக்குச்சீட்டைப் பாய் விரிக்கிற மாதிரி விரித்துவிட்டு, பிறகு மடிக்கத் தெரியாமல் நின்றா. அந்த முறை மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்கு 30 ஆயிரத்தைத் தாண்டியது. ஊசியும் சைக்கிளும் ஆசனம் எடுத்தது அதைவிடக் குறைந்த வாக்கில்!

கே: சரி, திசைகாட்டி இனி இங்கே நிலைக்குமா?
– கடைக்காரர், சுன்னாகம்

ப: சாத்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வீடு திரும்பவும் முன்னுக்கு வந்துவிட்டதே.

கே: கியூபாக்காரர் மயாமியில் செய்ததை எங்கட வெளிநாட்டு ஆக்கள் இங்கே செய்ய ஏலாதா?
– ரூபி, வல்வெட்டித்துறை

ப: கியூபாக்காரர் வாக்குப் போட்டது ஹவானாவுக்கு இல்லை, குடியேறி, குடியுரிமை எடுத்து, தாங்கள் இருக்கிற ஊருக்குத்தான் போட்டார்கள். எங்கட ஆக்களுக்கும் அதே கதை, கனடாவில் ஸ்காபரோவில் இருந்தால் ஸ்காபரோவுக்குப் போடலாம். அங்கிருந்தபடி யாழ்ப்பாணத்துக்குப் போட இலங்கைச் சட்டத்தில் இதுவரை வழியில்லை.

வழியில்லை என்றால் விட்டுவிடுவார்களா? என் அக்கா ஸ்காபரோவில் இருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் முதல்நாள் இரவு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு யாருக்குப் போட வேண்டும் என்று அரை மணித்தியாலம் சொல்லுவா. நானும் "ஓமக்கா, ஓமக்கா" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். யாருக்குப் போட்டேன் என்று இதுவரை அவவுக்குச் சொன்னதில்லை.