கொரோனா ஊரடங்கின்போது கரீபியன் கடலில் பாய்மரப் படகில் வாழ்ந்தவர்கள் யாராவது உண்டா? அனுபவம் எப்படி?

கேள்வியின் கீழே "சொர்க்கமாக இருந்திருக்குமே, கொடுத்து வைத்தவர்கள்!" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நேரில் பார்ப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

அடைபட்டுக் கிடந்தது எங்களுக்கு ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. நானும் கணவரும் 38 அடிப் படகில் ஏற்கெனவே அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தோம். பிரச்சினை வேறு. படகுக்கு விலாசம் கிடையாது. ஊரே கதவைச் சாத்தும்போது விலாசம் இல்லாதவன் பாடுதான் திண்டாட்டம்.

அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு தீவும் தனி நாடு மாதிரிதான். மார்ட்டினிக்கிலிருந்து தெற்கே கிளம்பினால் செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா என்று இரண்டு நாளுக்குள் மூன்று நாட்டைக் கடந்துவிடலாம். சாதாரண நாளில், இன்னும் அனுமதி வாங்கவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றி, கரைக்குப் போய், முத்திரை வாங்கினால் முடிந்தது. 2020 மார்ச்சில் அந்தக் கதவுகள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. கிளம்பும்போது திறந்திருந்த துறைமுகம் போய்ச் சேரும்போது மூடியிருக்கும். புறப்பட்ட இடத்துக்கும் திரும்ப முடியாது. படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப் ரேடியோவில் அந்த மாதிரிப் படகுக்காரர்கள் கெஞ்சுவதைக் கேட்கவே சங்கடமாக இருக்கும்.

நாங்கள் அப்போது மார்ட்டினிக்கின் தென்முனையில், சாந்த் ஆன் ஊருக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்தோம். மார்ட்டினிக் என்பது பிரான்ஸ்தான். எங்கள் இருவரிடமும் புதுச்சேரி வழியில் வந்த பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்ததால் எங்களை யாரும் போகச் சொல்ல முடியாது. பக்கத்துப் படகுகளில் பலருக்கு அந்த நிம்மதி இல்லை.

மார்ச் 17 நண்பகல் முதல் பிரான்ஸ் முழுக்க ஊரடங்கு. வெளியே போக வேண்டுமென்றால் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். இல்லாவிட்டால் 135 யூரோ அபராதம். கடற்கரைக்கும் போகக்கூடாது. சாமான் வாங்க எங்கள் டிங்கியில், அதாவது சின்ன ரப்பர் படகில், ஒருவர் மட்டும் போவோம். படிவத்தில் விலாசம் கேட்ட இடத்தில் படகின் பெயரை எழுதி வைத்தேன். ஒருநாள் கரையில் நின்ற போலீஸ்காரர் அதைப் படித்துவிட்டு "வீடு எங்கே?" என்றார். கடலைக் காட்டினேன். நூற்றுக்கு மேல் பாய்மரங்கள் நின்றன. "எது?" "நீலத் துணிக்கூரை போட்டது." கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சரி, போங்கள் என்று கையசைத்தார்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. 1853 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் பலர் நம் தமிழர்கள். அவர்கள் கைப்பக்குவம் இன்றும் கடைகளில் 'கொலம்போ' என்ற மசாலாத்தூளாகக் கிடைக்கிறது. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு எல்லாம் அதில் உண்டு. துவரம்பருப்பு கிடைக்காததால் பட்டாணிப் பருப்பை வேகவைத்து, இந்தத் தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டால் சாம்பார் என்று சொல்லிக்கொள்ளலாம். (என் மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார்.)

தண்ணீர்தான் பாடாய்ப் படுத்தியது. பிப்ரவரியிலிருந்து மே வரை அங்கே வறண்ட காலம். மழை வந்தால் துணிக்கூரையின் ஓரத்தில் குழாய் செருகித் தொட்டிக்கு விடுவோம், ஆனால் மழை வர வேண்டுமே! பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துக் கழுவி, கடைசியாக ஸ்பிரே பாட்டிலில் நல்ல தண்ணீர் அடித்து உப்பை எடுப்பேன். ஒரு வேளைப் பாத்திரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட ஆகாது. குளியலும் ஏறக்குறைய இதே கணக்கில்தான்.

இதையெல்லாம்விட எங்களை அதிகம் பயமுறுத்தியது காலண்டர். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். வழக்கமாக எல்லாரும் அதற்குள் தெற்கே கிரெனடாவுக்கோ டிரினிடாடுக்கோ போய்விடுவார்கள், அல்லது வடக்கே அமெரிக்காவுக்கோ அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்கோ போவார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கொரோனா எல்லாம் தெரியாது. பருவத்தில் வரைபடத்தில் ஒரு குறிப்பிட்ட கோட்டுக்குத் தெற்கே இல்லாவிட்டால் எங்கள் பாலிசியில் புயல் சேதத்துக்குப் பைசா கிடையாது. கோட்டுக்குத் தெற்கே இருந்தால் தப்பித்தோம் என்றும் அர்த்தமில்லை: 2004-ல் ஐவன் சூறாவளி கிரெனடாவைத்தான் நொறுக்கியது. ஆனால் கம்பெனியிடம் இதைப் பேசிப் பயனில்லை.

முன்பதிவு செய்த படகுகளைக் கிரெனடா அனுமதிக்கத் தொடங்கியதும் நாங்களும் பெயர் கொடுத்துக் காத்திருந்தோம். முறை வந்து நங்கூரத்தைத் தூக்கினால், சங்கிலி முழுக்கப் பாசியும் சிப்பியும், உள்ளங்கையில் அடங்கும் நண்டுகளும். ஓரிரு அடி ஏற்றுவது, பிரஷ்ஷால் தேய்ப்பது, மறுபடி ஏற்றுவது என்று காலை முழுக்க அந்த நாற்றத்திலேயே போனது. அப்புறம் சுமார் 150 கடல் மைல், நடுவில் எங்கும் நிற்காமல் ஒரே ஓட்டம். செயின்ட் லூசியாவின் இரண்டு பிட்டோன் மலைகளையும் தூரத்திலேயே பார்த்துக்கொண்டு கடந்தோம்.

கிரெனடாவில் செயின்ட் ஜார்ஜஸ் நகருக்கு வெளியே 14 நாள் மஞ்சள் கொடியோடு தனிமைப்படுத்தல். அந்த நாட்களில்தான், ஜூன் மூன்றாவது வாரம், சஹாராவிலிருந்து அந்தப் பிரம்மாண்டமான தூசிப்படலம் வந்தது. வானம் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது, சோலார் தட்டுகள்மேல் செம்மண் நிறத்தில் மாவு. பேட்டரி ஏறவில்லை. தட்டைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், கடல்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீராக்கும் கருவிக்கு பேட்டரி வேண்டும். கடைசியில் குடிதண்ணீரில் ஒரு துணியை நனைத்துத்தான் துடைத்தோம். பரிசோதனை முடிந்து கரையில் இறங்கியபோது எனக்கு வேண்டியிருந்தது ஊர் சுற்றல் இல்லை, ஒரு வாளி தண்ணீரில் தலைக்குக் குளியல்.

"அடுத்த பெருந்தொற்றுக்கு ஒரு படகு வாங்கி வைத்துக்கொள்ளலாமா?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாக வாங்குங்கள். நாங்கள் நின்ற இடங்களில் நங்கூரம் போட வாடகை இருக்கவில்லை, ஓட்டல் செலவும் இல்லை, அந்த மாதங்களில் எங்களுக்குப் பணம் மிச்சம்தான் ஆனது. ஆனால் படகின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் பாஸ்போர்ட்டை எந்தெந்தத் தீவு எத்தனை நாள் ஏற்கும் என்று பாருங்கள், இன்ஷூரன்ஸில் அந்தக் கோடு எங்கே போகிறது என்றும் பாருங்கள்.