ஆண் மூளையைச் செதுக்குவது எந்த ஹார்மோன்?

கேள்வி: ஆண் எலியின் மூளையை ‘ஆண்’ மூளையாக்குவது ஈஸ்ட்ரோஜன்தான் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். அது பெண் ஹார்மோன் அல்லவா?

‘பெண் ஹார்மோன்’ என்ற பெயர்தான் குழப்பத்துக்குக் காரணம். ஆண் எலிக்குட்டி பிறந்த சில மணி நேரத்தில் அதன் விரைகள் டெஸ்டோஸ்டீரோனை எக்கச்சக்கமாகச் சுரக்கின்றன. அது மூளைக்குள் போனதும், சில நியூரான்களில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி அதில் ஒரு பங்கை எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸின் முன்பக்கம் உள்ள பிரீஆப்டிக் பகுதியில் வேலை பார்ப்பது இந்த எஸ்ட்ரடையால்.

அப்படியானால் தாயின் ஈஸ்ட்ரோஜன் பெண் குட்டிகளையும் மாற்றிவிடாதா? மாற்றாது. குட்டிகளின் ரத்தத்தில் மிதக்கும் ஆல்பா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம் எஸ்ட்ரடையாலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், டெஸ்டோஸ்டீரோனை விட்டுவிடும். மாறுவேடத்தில் போனால்தான் உள்ளே அனுமதி!

உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியம். எஸ்ட்ரடையால் சைக்ளோஆக்சிஜனேஸ்-2 நொதியைப் பெருக்குகிறது (காய்ச்சலிலும் வீக்கத்திலும் வேலை செய்யும் அதே நொதி). அதனால் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள் கூடுகிறது. நியூரான்களின் டெண்ட்ரைட் என்ற கிளைகளில் முள்முள்ளாகப் புடைப்புகள் முளைக்கின்றன. நியூரான்கள் சேதி வாங்கும் இடங்கள் இந்த முட்கள்தான். ஆண் குட்டியில் அவை பெண் குட்டியைவிட சுமார் இரண்டு மடங்கு. புதிதாய்ப் பிறந்த ஆண் குட்டிக்கு இண்டோமெதசின் என்ற மருந்தைக் கொடுத்து அந்த நொதியைத் தடுத்தால் முட்கள் குறைகின்றன. வளர்ந்தபின் இணைசேரும் நடத்தையும் மங்குகிறது. இது 2004-இல் வெளியான முடிவு.

இதை அப்படியே மனிதனுக்குப் பொருத்தக் கூடாது. ஆண்ட்ரோஜன்களின் (டெஸ்டோஸ்டீரோன் போன்ற ஹார்மோன்கள்) சேதியை வாங்கும் ஏற்பி முற்றிலும் வேலை செய்யாத, எக்ஸ்ஒய் குரோமோசோம் கொண்ட நபர்களின் உடலில் டெஸ்டோஸ்டீரோனும் உண்டு, அதை ஈஸ்ட்ரோஜனாக்கும் நொதியும் உண்டு. ஆனாலும் பெரும்பாலோர் பெண்களாகவே உணர்ந்து வாழ்கிறார்கள். மனித மூளையில் ஆண்ட்ரோஜனுக்கு நேரடியான பங்கு இருக்கலாம் என்பதை இது சுட்டுகிறது.

கேள்வி: வளர்ந்த பிறகும் ஹார்மோன் மூளையை மாற்றுமா?

மாற்றும், ஆனால் இடத்துக்கு இடம் வேறு விதமாக. எலி மூளையின் மீடியல் அமிக்டலா என்ற இடத்தில் ஒரு பகுதி ஆணில் சுமார் ஒன்றரை மடங்கு பெரியது. வளர்ந்த ஆணைக் காயடித்தால் 4 வாரத்தில் பெண்ணின் அளவுக்குச் சுருங்கும். பெண்ணுக்கு டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தால் அதே 4 வாரத்தில் ஆணின் அளவுக்குப் பெருக்கும்.

நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸின் சிஏ1 பகுதியில் கதையே தலைகீழ். பெண் எலியின் 4, 5 நாள் இனப்பெருக்கச் சுழற்சிக்குள்ளேயே முட்களின் அடர்த்தி சுமார் 30 சதவீதம் ஏறி இறங்கும், ஏற்றுவது எஸ்ட்ரடையால். காயடித்த ஆணிலும் முட்களில் உள்ள சினாப்ஸுகள் (நியூரான்கள் இணையும் இடங்கள்) குறைகின்றன, ஆனால் எஸ்ட்ரடையால் கொடுத்துப் பயனில்லை. டெஸ்டோஸ்டீரோனோ, அதிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோனோ கொடுத்தால்தான் மீள்கின்றன. பின்னதை அரோமடேஸால் ஈஸ்ட்ரோஜனாக்க முடியாது. ஆகவே இங்கே மாறுவேடத்துக்கு வேலையில்லை.

கேள்வி: கோல்கி-காக்ஸ் சாயமிட்டு சிஏ1 முட்களை எண்ணினோம். காயடித்த எலிக்கும் சாதாரண எலிக்கும் வித்தியாசமே வரவில்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் எண்ணும் இடத்தில். நியூரானின் மேல் கிளை, அடிக் கிளை இரண்டையும் கலந்து எண்ணினால் வித்தியாசம் கரைந்துபோகும். ஒரே வகைக் கிளையில், செல் உடலிலிருந்து ஒரே தூரத்தில், 10 மைக்ரானுக்கு எத்தனை என்று எடுங்கள். பக்கத்துப் பகுதியான சிஏ3-இன் செல்கள் கலந்துவிடாமல் பாருங்கள். ஸ்லைடு எந்த எலியுடையது என்பது எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. ஒரு எலியில் 6 நியூரான் எண்ணினாலும் கணக்கில் அது ஒன்றே, 6 அல்ல.

வெட்டுத்துண்டு 200 மைக்ரான் தடிமன் என்றால் 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் ஆழம் வரை எட்டாது. 100 மைக்ரான் போதும். மூளை சாயத்தில் ஊறும் இரண்டு வாரமும் இருட்டில் இருக்கட்டும். கிளைக்குப் பின்னால் மறைந்த முட்கள் எப்படியும் தெரியாது; ஒரு முள்ளில் சினாப்ஸ் இருக்கிறதா என்பதும் கோல்கியில் தெரியாது, அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிதான். காயடித்த கையோடு மூளையை எடுத்திருந்தாலும் பலன் இருக்காது. சில வாரங்கள் விட வேண்டும்.

சாயக் கரைசலில் மெர்குரிக் குளோரைடு இருக்கிறது. கையுறை போடுங்கள், மீந்ததைத் தொட்டியில் கொட்டாமல் தனிப் பாட்டிலில் சேர்த்து வையுங்கள்.