அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பழைய தெருவுக்கு வரலாற்றுச் சின்னத் தகுதி வாங்கினால் வீடுகளை இடிப்பது நிற்குமா?

1920களில் கட்டிய வீடுகளை பில்டர்கள் வாங்கி இடித்துவிட்டு, மனை முழுக்கப் புது வீடு எழுப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி ஒரு நிலை வந்ததும் எல்லோரும் முதலில் ஓடுவது நேஷனல் ரெஜிஸ்டருக்கு, அதாவது மத்திய அரசின் வரலாற்று இடங்கள் பதிவேட்டுக்கு. அங்கேதான் தப்பு நடக்கிறது. 1966 சட்டத்தின்படி வந்த அந்தப் பதிவேட்டில் உங்கள் தெரு ஏறிவிட்டாலும், உரிமையாளர் சொந்தக் காசில் தன் வீட்டை மறுநாளே இடிக்கலாம். மத்திய அரசின் பணமோ அனுமதியோ கலந்த வேலையென்றால் மட்டும் ஒரு ஆய்வு உண்டு, அதுவும் ஆலோசனையோடு சரி.

"எங்கள் ஊரில் தடுத்தார்களே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். அது நகராட்சிச் சட்டமாக இருந்திருக்கும். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931இலேயே அப்படி ஒன்று போட்டது. நியூயார்க் 1965இல் போட்டது, அதே வருடம் புரூக்ளின் ஹைட்ஸ் அங்கே முதல் ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட் (பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதி) ஆனது. இத்தகைய சட்டம் செல்லும் என்று 1978இல் பென் சென்ட்ரல் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே முதல் வேலை, உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இருக்கிறதா, அதில் இடிப்பை மறுக்க அதிகாரம் உண்டா, சில மாதம் தள்ளிப்போட மட்டும்தானா என்று படிப்பது.

எந்த வழியில் போனாலும் சர்வே இல்லாமல் நடக்காது. வீடு வீடாகக் கட்டிய ஆண்டு, பாணி, பிறகு செய்த மாற்றங்கள், தெருவிலிருந்து எடுத்த படம் எல்லாம் வேண்டும். வரி ஆவணத்தில் இருக்கும் கட்டிய ஆண்டை அப்படியே நம்பாதீர்கள், பல இடங்களில் அது குத்துமதிப்பு. கட்டட அனுமதி, பத்திரம், பழைய சிட்டி டைரக்டரி (எந்த முகவரியில் யார் இருந்தார் என்ற பட்டியல்), சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடம் இவற்றோடு ஒப்பிடுங்கள். சான்போர்னில் மஞ்சள் நிறம் என்றால் மரவீடு, இளஞ்சிவப்பு என்றால் செங்கல் வீடு. இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் வைத்தாலே எந்த வீடு எந்த இடைவெளியில் முளைத்தது என்று தெரியும்.

பிறகு ஒவ்வொரு வீடும் தெருவின் வரலாற்றுக்குப் பங்களிக்கிறதா இல்லையா என்று பிரிக்க வேண்டும். பெரும்பாலான மனுக்கள் சறுக்குவது இங்கேதான். "1900 முதல் இன்றுவரை" என்று காலத்தை நீட்டினால் வாதம் நீர்த்துப்போகும். தெரு உருவான காலத்தைக் காரணத்தோடு குறுக்குங்கள். பொதுவாக வீடு கட்டி 50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். புது வீடுகளை மட்டும் நடுவில் ஓட்டைபோட்டு எல்லைக்கு வெளியே தள்ளவும் முடியாது, அவை உள்ளே இருந்து பங்களிக்காதவை என்ற கணக்கில் வரும். இடிப்பு தொடரத் தொடர அந்தக் கணக்கு ஏறும், அதனால் சர்வேயைத் தள்ளிப்போடாதீர்கள்.

நேஷனல் ரெஜிஸ்டர் மனு மாநிலப் பாதுகாப்பு அலுவலகம் வழியாகப் போகும். மறுஆய்வுக் குழு கூடுவதற்கு 30 முதல் 75 நாள் முன்பு உரிமையாளர்களுக்கு அறிவிப்பு வரும். தனியார் உரிமையாளர்களில் பாதிக்கு மேல் நோட்டரி கையெழுத்தோடு எதிர்த்தால் பட்டியலில் ஏறாது. பேசாமல் இருப்பவர் எதிர்ப்பாளர் ஆகமாட்டார். ஒருவர் பெயரில் பத்து வீடு இருந்தாலும் அவருக்கு ஓட்டு ஒன்றுதான். மத்திய வரிச்சலுகை 20 சதவீதம் என்று சொல்லி ஆள் சேர்க்காதீர்கள், அது வாடகை போன்ற வருமானம் தரும் கட்டடத்துக்கு மட்டும். தான் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் உங்களைத்தான் திட்டுவார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பில்டர் ஒரு பக்கம் இடிக்கட்டும், மீதி வீடுகளைக் கெடுப்பது உரிமையாளர்களின் கைதான். பழைய மர ஜன்னலைப் பழுதுபார்க்கலாம், ஆனால் விற்பனையாளர் சொன்னதைக் கேட்டு பிடுங்கிவிட்டு வினைல் (பிளாஸ்டிக்) ஜன்னல் மாட்டுகிறார்கள். மென்மையான பழைய செங்கல்லின் இடுக்கில் கடினமான போர்ட்லண்ட் சிமென்ட்டைப் பூசுகிறார்கள். ஈரம் கலவை வழியாக வெளியேற முடியாமல் செங்கல்லுக்குள் தங்கி, பனிக்காலத்தில் உறைந்து, செங்கல்லின் முகம் உதிர்கிறது. சுண்ணாம்புக் கலவை கேளுங்கள் என்றால் மேஸ்திரிகளுக்கே கோபம் வருகிறது. சர்வே படம் எடுக்கப் போகும்போது அந்தச் சுவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு வீடு பங்களிக்கிறதா என்று முடிவெடுக்கும்போது இந்த மாற்றங்களையும் பார்ப்பார்கள்.