‘லாஸ்ட் சீன்’ பார்க்காமல் இருக்க முடியவில்லை!

கேள்வி: எனக்கு 26 வயது. காதலர் வெளியூரில் வேலை பார்க்கிறார். வாட்ஸ்அப்பில் அவர் கடைசியாக வந்த நேரத்தை (‘லாஸ்ட் சீன்’) அடிக்கடி பார்க்கிறேன். ஆன்லைனில் இருந்தும் பதில் போடாவிட்டால், வேறு யாருடனோ பேசுகிறார் என்றே தோன்றுகிறது. ‘என்னைப் பிடிச்சிருக்கா?’ என்று தினமும் கேட்கிறேன். தாழ்வு மனப்பான்மைதான் காரணமா?

பதில்: பாதிக் காரணம் அதுதான். ஆனால், சுயமதிப்பு குறைந்த எல்லோரும் சந்தேகப்படுவதில்லை. வேலை, நட்பு, திறமை என்று பல பக்கமிருந்தும் வரவேண்டிய மதிப்பை ஒரே ஒருவரிடம் எதிர்பார்க்கும்போதுதான் சிக்கல். உறவு குறித்த ஓயாத சந்தேகங்களை ஆராய்ந்த இஸ்ரேல் உளவியலாளர் கை டோரோன் குழுவினர் சுட்டிக்காட்டுவதும் இதையே.

மீதிக் காரணம், நீங்கள் செய்யும் சோதனை. போனைப் பார்த்ததும் மனசு ஆறும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அரிக்கும். சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற கதைதான். அவர் ‘ஆமா, பிடிச்சிருக்கு’ என்று சொல்வதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

முதலில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசிக்குப் போய், உங்கள் ‘லாஸ்ட் சீன்’, ‘ஆன்லைன்’ இரண்டையும் யாருக்கும் தெரியாதபடி மாற்றுங்கள். உங்களுடையதை மறைத்தால் அவருடையதும் உங்களுக்குத் தெரியாது. இது ஆரம்பத்துக்கு ஓர் ஊன்றுகோல், அவ்வளவுதான்.

அடுத்து, பார்க்கவோ கேட்கவோ தோன்றும்போது 10 நிமிடம் தள்ளிப்போடுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். படபடப்பு ஏறும், ஒன்றும் செய்யாமலேயே இறங்கவும் செய்யும். அது பழகியதும் 20, பிறகு 30 நிமிடம். பலர் சறுக்குவது இங்கேதான்: கை சும்மா இருக்கும், மனசு பழைய மெசேஜ்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதுவும் சோதனைதான்.

காதலரிடமும் முன்கூட்டியே பேசிவையுங்கள். நீங்கள் கேட்டால், ‘இதுக்கு இப்ப பதில் சொல்ல மாட்டேன்; மத்ததைப் பேசலாம்’ என்று அவர் கோபமில்லாமல் சொன்னால் போதும்.

கண்ணாடி முன் ‘நான் சிறந்தவள்’ என்று சொல்லிக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. சுயமதிப்பு குறைந்தவர்களுக்கு அது சில சமயம் எதிர்மாறாக வேலை செய்கிறது. காதலருக்குத் தொடர்பே இல்லாத ஒரு வேலைக்கு வாரம் இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

இந்த எண்ணங்களிலும் சோதனைகளிலும் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா? ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோயாக (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வருவது) இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். ஒன்று மட்டும்: அவர் பொய் சொன்னதற்குக் கையில் ஆதாரம் இருந்தால், இந்தப் பயிற்சி எதுவும் பொருந்தாது. அவரிடம் நேரடியாகக் கேட்டுவிட வேண்டியதுதான்.