பாஸ்போர்ட், முகாம், கச்சத்தீவு: வந்த கேள்விகளும் என் பதில்களும்

2025 செப்டம்பரில் புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து கேள்விகள் குவிகின்றன. அதில் பாதி 'எனக்கு விசா கிடைக்குமா' ரகம், அதற்கு நான் ஆள் இல்லை. வரலாறு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்துக்கு முந்தின ஸ்டேஷனுக்கு ஏன் 'மண்டபம் கேம்ப்' என்று பேர்? அகதி முகாமை வைத்து வந்ததா? (உச்சிப்புளி வாசகர்)

இல்லை, ஈழப்போர் அகதிகள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்தக் கேம்ப் இருந்தது, அதை நடத்தியது இலங்கை அரசு. ஆமாம், நம் மண்ணில், இலங்கை அரசு. 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வருவதற்கு முன்னால், தோட்ட வேலைக்குப் போன சனம் தொண்டி, பாம்பன் பக்கத்திலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காடு வழியாக மாத்தளை வரை நடந்தே போனது. வழியில் காலராவில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் காலனி அரசை உறுத்தியது அந்தச் சாவு என்று நினைத்தால் ஏமாந்துவிடுவீர்கள், அந்தக் காலரா தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் பரவுகிறதே என்பதுதான் அவர்களுக்குக் கவலை. அதனால் கப்பல் ஏறுவதற்கு முன்பே, இந்தியக் கரையிலேயே தொழிலாளர்களை நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று பார்த்து அனுப்ப ஒரு தடுப்பு முகாம் வைத்தார்கள். எந்தத் தோட்டத்துக்கு யார் போகிறார்கள், செலவை எந்தத் துரை தலையில் எழுதுவது என்பதற்குத் தகர டிக்கெட் வேறு.

நான் இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், எல்லைச் சோதனை என்பது எல்லைக் கோட்டில் நடப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது அப்போதே அப்படி இல்லை. இன்றைக்கு அமெரிக்கா தன் குடிவரவு அதிகாரிகளை டப்ளினிலும் அபுதாபியிலும் உட்கார வைத்து, விமானம் ஏறுவதற்கு முன்பே பயணிகளைச் சோதிக்கிறது. அதைப் புதுமை என்று எழுதுகிறார்கள். மண்டபத்துக்காரர்கள் சிரிக்கலாம்.

என் பாட்டனார் பாஸ்போர்ட்டே இல்லாமல் கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போய் வந்ததாக வீட்டில் சொல்கிறார்கள். நம்பலாமா? (கீழக்கரை)

தாராளமாக நம்பலாம். போட் மெயிலில் எழும்பூரில் டிக்கெட் எடுத்தால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி கொழும்பில் போய் இறங்கலாம். இந்தியாவுக்குள் வர பாஸ்போர்ட் வேண்டும் என்ற சட்டமே முதல் உலகப்போருக்குப் பிறகு, 1920-ல்தான் வந்தது. இரு கரையும் ஒரே பிரிட்டிஷ் முடியின் கீழ் இருந்ததால் சுகாதாரச் சோதனை, தொழிலாளர் விதி என்றுதான் கெடுபிடி இருந்ததே தவிர 'நீ எந்த நாட்டுக் குடிமகன்' என்ற கேள்வி இல்லை. இலங்கை 1948-ல் தனக்கென்று குடிவரவுச் சட்டம் போட்ட பிறகுதான் பாஸ்போர்ட், விசா எல்லாம். அதற்கப்புறமும் பழைய பழக்கத்தில் தோணியேறிப் போனவர்களைத்தான் 'கள்ளத்தோணி' என்று ஏசினார்கள்.

இன்னொன்று, கதவு எப்போதும் அந்தப் பக்கம்தான் சாத்தப்பட்டது என்றும் இல்லை. 1939-ல் இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையை விட்டு நிறுத்தியபோது, பதிலடியாக இந்திய அரசே ஆகஸ்ட் 1 முதல் கூலி வேலைக்கு அங்கே போவதைத் தடை செய்தது.

தன் நாட்டுக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்வது ஆதிகாலத்திலிருந்தே அரசுகளின் உரிமைதானே? இறையாண்மை என்றாலே அதுதானே? (ராமநாதபுரம், கல்லூரி மாணவர்)

இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்தேன். தம்பி, 'ஆதிகாலம்' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஏட்டில் பழைய கருத்துதான், 1758-லேயே வட்டேல் என்ற சுவிஸ் சட்ட அறிஞர், அந்நியரை உள்ளே விடாமல் இருக்க மன்னருக்கு உரிமை உண்டு என்று எழுதினார். ஆனால் நடைமுறையில் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அரசுகள் ஆள் வருவதைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை, தங்கள் ஆள் வெளியே போய்விடக் கூடாது என்பதில்தான் பல அரசுகளுக்குக் குறி. 1868-ல் அமெரிக்காவும் சீனாவும் போட்ட பர்லிங்கேம் ஒப்பந்தம், இடம்பெயர்வது மனிதனின் பிறப்புரிமை என்றே சொன்னது.

பதினான்கே வருடத்தில், 1882-ல், அதே அமெரிக்கா சீனத் தொழிலாளர்களுக்குத் தடை போட்டது. அப்புறம் சாய் சான் பிங் வழக்கு. 1875 முதல் சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்த்த இந்தச் சீனர், 1887-ல் திரும்பி வர அனுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அவர் திரும்பும்போது, கப்பல் நடுக்கடலில் இருக்கையில், 1888 அக்டோபர் 1-ஆம் தேதி அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாது என்று சட்டம் வந்தது. 8-ஆம் தேதி துறைமுகம் வந்தவரை இறங்க விடவில்லை. 1889-ல் உச்ச நீதிமன்றம், அந்நியரை விலக்குவது இறையாண்மையின் பகுதி, ஒப்பந்தம் இருந்தாலும் அரசு அதைப் பயன்படுத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்க அரசியல் சாசனத்தில் அப்படி ஓர் அதிகாரம் வெளிப்படையாக எழுதியிருக்கவில்லை, ஆகவே நீதிபதிகள் அதை 'நாடு' என்ற கருத்திலிருந்தே வருவித்தார்கள். 1891-ல், பிரிட்டிஷ் பேரரசின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரு சீனர் வழக்கில் கிட்டத்தட்ட இதையே சொன்னது. தென்னாப்பிரிக்கப் பக்கத்து நேட்டால் 1897-லும் ஆஸ்திரேலியா 1901-லும் ஐரோப்பிய மொழியில் எழுதிக் காட்டு என்று பரீட்சை வைத்தன, இனத்தின் பேர் சொல்லாமல் இனத்தைத் தடுக்கும் தந்திரம்.

நம் ஆட்களின் கதை கோமகதா மாரு. 1914-ல் 376 பேருடன் வான்கூவர் போன கப்பல். பெரும்பாலும் சீக்கியர்கள், எல்லாரும் பிரிட்டிஷ் பிரஜைகள், பேரரசுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத்தான் போனார்கள். சொந்த ஊரிலிருந்து எங்கும் நிற்காமல் நேரே வந்தால்தான் உள்ளே விடுவோம் என்ற விதியைக் காட்டி இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள், கல்கத்தா அருகே பட்ஜ்பட்ஜில் இறங்கியபோது போலீஸ் சுட்டது. சுதந்திர நாடாகக்கூட இல்லாத கனடா அன்று இறையாண்மை பேசியது.

இதையெல்லாம் வைத்து எல்லைக் கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசுக்கு அந்த அதிகாரம் வேண்டும்தான். ஆனால் அது யாரை மனதில் வைத்து, எந்தப் பத்தாண்டில் வலுப்பெற்றது என்று தெரியாமல் 'இயற்கையான உரிமை' என்று பரீட்சையில் எழுதாதீர்கள். சுதந்திர இந்தியாவும் இதை அப்படியே எடுத்துக்கொண்டது: 1955-ல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டவரை வெளியேற்ற அரசுக்குள்ள அதிகாரம் வரம்பற்றது என்றது, அதற்கு ஆதாரம் 1946-ல் வெள்ளைக்காரன் போட்ட வெளிநாட்டினர் சட்டம்.

கச்சத்தீவு திருவிழாவுக்கு விசா கேட்பதில்லையே, இலங்கை மண் என்றால் எப்படி? (பாம்பன்)

1974 ஜூன் ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு. தீவு இலங்கை எல்லைக்குள் போனாலும், இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே போய் வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது என்று அதில் எழுதியிருக்கிறது. மண்ணை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வாசலைத் திறந்தே வைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை. அந்தோணியார் கோயிலுக்குப் போக இங்கே பேர் பதிவது, அடையாள அட்டை கொடுப்பது எல்லாம் நிர்வாக ஏற்பாடு. மீன்பிடி உரிமை தனிக் கதை, அதை 1976 கடிதப் பரிமாற்றம் அடைத்துவிட்டது, அது பற்றித் தனியே எழுதவேண்டும்.

ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் திரும்ப வருமா? (தங்கச்சிமடம்)

ஜோசியம் எனக்குத் தெரியாது. 2023 அக்டோபரில் தொடங்கியது நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல்தான்.

எங்கள் குடும்பம் 1970-களில் கண்டியிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்தது. ஊரில் எங்களையும் 'அகதி' என்கிறார்கள். நாங்கள் அகதிகளா? (பரமக்குடி)

இல்லை. நீங்கள் தாயகம் திரும்பியவர்கள், இந்தியக் குடிமக்கள். இது வெறும் பேர் விஷயம் கிடையாது, சட்டத்தில் இரண்டும் வேறு வேறு.

1948-ல் இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டத்தில், தகப்பன், இல்லையென்றால் பாட்டனும் கொள்ளுப்பாட்டனும் அங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்த கூலிக்காரனிடம் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? 1947 தேர்தலில் தோட்டத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஜெயித்திருந்ததை நினைவில் வைத்தால் அவசரத்தின் காரணம் புரியும், 1949-ல் வாக்குரிமையும் போனது. கோடக்கன் பிள்ளை என்பவர் பிரிவி கவுன்சில் வரை போய்ப் பார்த்தார். தன் குடிமக்கள் யார் என்று முடிவு செய்வது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான வேலை என்று 1953-ல் கைவிரித்துவிட்டார்கள். மேலே கல்லூரித் தம்பி கேட்ட கேள்விக்கு இதுவும் பதில்தான்: அங்கேயே பிறந்து வளர்ந்து, எல்லையைத் தாண்டவே தாண்டாதவர்களும் அந்நியர் ஆனார்கள்.

1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று. அந்த 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை மேசையில் தோட்டத் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை. இந்தியக் கணக்கில் வந்தவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, அப்புறம் நீலகிரியில் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டம், நூற்பாலை, கடனுக்கு ரெப்கோ வங்கி. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருந்தால் லேமினேஷன் போடாமல், நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

முகாமில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை உண்டா? புதிய சட்டம் என்ன சொல்கிறது? (மண்டபம்)

பிறந்த தேதிதான் எல்லாம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த அடிப்படையில்தான் 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. அன்று முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். அதற்குப் பிறகென்றால் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்கவேண்டும், இங்கேதான் முகாம் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன, ஏனென்றால் படகில் வந்தவரிடம் விசா இருக்காது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடாததால் 'அகதி' என்று நம் சட்டத்தில் ஒரு தனி வகையே இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை பெயர் கிடையாது.

2025 சட்டம் பழைய நான்கு சட்டங்களை நீக்கி ஒன்றாக்கியது, மேலே சொன்ன 1920, 1946 சட்டங்களையும் சேர்த்து. அதோடு வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களை, ஆவணம் இல்லை என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று இருக்கிறது. வழக்கு வராது, அவ்வளவுதான். அது குடியுரிமை தரவில்லை. ஆணையைக் காட்டிக் குடியுரிமை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.