பெல் ஜாரில் வேக்கம் இறங்கவில்லையா? எண்ணெயைத் தொடும் முன் பத்து நிமிடச் சோதனை

கேள்வி: எங்கள் இயற்பியல் துறையின் தெர்மல் எவாப்பரேஷன் கோட்டிங் யூனிட்டில் (பெல் ஜார் எனும் மணி வடிவக் குடுவைக்குள், வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கித் தகட்டில் படியவைக்கும் கருவி) முன்பெல்லாம் ஒரு மணி நேரத்தில் 1×10⁻⁵ மில்லிபார் கிடைத்துவிடும். இப்போது மூன்று மணி நேரம் ஓட்டினாலும் 5×10⁻⁵-க்குக் கீழே போகவில்லை. அலுமினியப் படலமும் சாம்பல் பூத்தாற்போல வருகிறது. டிஃப்யூஷன் பம்ப்பின் (சூடான எண்ணெய் ஆவியால் காற்றை வெளியேற்றும் பம்ப்) எண்ணெயை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சேம்பருக்குள் காற்று வந்துகொண்டே இருந்தால் புது எண்ணெயும் அதே இடத்தில்தான் நிற்கும். முதலில் குறை பம்ப்பிலா, சேம்பரிலா என்று பிரித்துப் பாருங்கள்.

உங்களுக்குக் கிடைக்கும் குறைந்தபட்ச அழுத்தம் வரை இறக்கிவிட்டு, மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் பென்னிங் கேஜை அணைத்துவிட்டு, டிஃப்யூஷன் பம்ப்புக்குப் போகும் ஹை வேக்கம் வால்வை மூடுங்கள். முதற்கட்டக் காற்றை உறிஞ்சும் ரோட்டரி பம்ப்புக்குப் போகும் ரஃபிங் வால்வும் மூடியிருக்க வேண்டும். பிறகு சற்று அதிக அழுத்தங்களை அளக்கும், சேம்பரின் பிரானி கேஜை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, பத்து நிமிடம் குறித்துக்கொண்டே வாருங்கள். வரைபடத்தாளில் போட்டால், கசிவு இருக்கும்போது அழுத்தம் நேர்கோடாக ஏறும். உள்ளே ஒட்டியிருக்கும் ஈரமும் அழுக்கும் ஆவியாகிக்கொண்டிருந்தால் முதலில் விரைவாக ஏறி, பிறகு வளைந்து தளரும்.

கோட்டின் சரிவை ஒரு கணக்காகவும் மாற்றலாம். 12 அங்குல பெல் ஜாரின் கொள்ளளவு சுமார் 30 லிட்டர். பத்து நிமிடத்தில் 0.1 மில்லிபார் ஏறினால், 30×0.1÷600, அதாவது நொடிக்கு 5×10⁻³ மில்லிபார்-லிட்டர் உள்ளே வருகிறது. பேஃபிள் (எண்ணெய் ஆவியைத் தடுக்கும் தகடு), வால்வு எல்லாம் தாண்டி சேம்பரில் பம்ப்பின் வேகம் நொடிக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் 5×10⁻⁵-இல் நின்றுவிடும். உங்கள் எண்ணும் அதுதான். 1×10⁻⁵ வேண்டுமானால் அதே பத்து நிமிடத்தில் ஏற்றம் 0.02 மில்லிபாருக்குள் இருக்க வேண்டும்.

கோடு நேராக வந்தால், முதலில் பெல் ஜாரின் அடிவிளிம்பு காஸ்கெட்டைப் பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் ஒரு தலைமுடியோ, பழைய படலத்திலிருந்து உதிர்ந்த செதிலோ நிழலோடு தெரியும். அந்த ஒரு முடியே போதும். துடைத்துவிட்டு, வேக்கம் கிரீஸை விரலால் தேய்த்து, ரப்பரில் மினுமினுப்பு மட்டும் தெரியும்படி விடுங்கள். அப்பிவைத்தால் தூசி ஒட்டும், கிரீஸிலிருந்தே வாயுவும் வரும். அடுத்து எலக்ட்ரோடு ஃபீட்த்ரூக்கள், அதாவது மின்முனைகள் சேம்பருக்குள் நுழையும் இடங்கள். போட்டை (அலுமினியத்தை வைத்து ஆவியாக்கும் சிறு உலோகத் தட்டு) சூடாக்கும் பெரும் மின்னோட்டம் அந்த வழியாகத்தான் போகிறது. அந்தச் சூட்டில் அங்குள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் நாளடைவில் இறுகித் தட்டையாகிவிடும்.

எங்கே கசிகிறது என்று பிடிக்க, சேம்பரை ரோட்டரி பம்ப்பில் மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சிரிஞ்சால் இரண்டு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விடுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் பிரானி முள் சட்டென்று நகரும். அசிட்டோன் வேண்டாம், ஓ-ரிங்கை ஊதவைத்துவிடும். ஆல்கஹாலும் தீப்பிடிக்கும் என்பதால் போட், ஹீட்டர் சப்ளை எல்லாவற்றையும் அணைத்துவிட்டே இதைச் செய்யுங்கள்.

கோடு வளைந்து தளர்ந்தால் சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள். சுவரில் அடுக்கடுக்காகப் படிந்த பழைய படலம் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். வேலை இல்லாத நாட்களிலும் சேம்பரை வேக்கத்திலேயே விட்டுவையுங்கள். திறக்கும்போது முடிந்தால் உலர் நைட்ரஜனை விடுங்கள். அண்மையில் புது ஹோல்டர் ஏதாவது மாட்டியிருந்தால் அதன் திருகுகளையும் சந்தேகியுங்கள்: அடி மூடிய துளையில் திருகுக்குக் கீழே சிக்கிய காற்று மணிக்கணக்கில் கசியும். மரையின் குறுக்கே நீளவாக்கில் ஒரு பள்ளம் அராவிவிட்டால் போதும்.

படலம் மங்குவதற்குக் காரணம் அணுக்கள் வழியில் மோதிக்கொள்வதல்ல. 5×10⁻⁵-இல் மோதாமல் போகும் சராசரித் தூரம் ஒரு மீட்டருக்கு மேல்; போட்டுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் 15 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனால் அந்த அழுத்தத்தில், ஓர் அடுக்கை நிரப்பும் அளவு வாயு மூலக்கூறுகள் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை தகட்டில் வந்து மோதுகின்றன. அலுமினியம் ஆக்ஸிஜனையும் நீராவியையும் விடாது பிடித்துக்கொள்ளும். கசிவு சரியாகும்வரை அவசரத்துக்குப் படலம் வேண்டுமென்றால், நொடிக்கு 2 முதல் 5 நானோமீட்டர் வேகத்தில் சட்டென்று ஆவியாக்குங்கள்.

இன்னொன்று: அழுக்கேறிய பென்னிங் கேஜ் உண்மையைவிடக் குறைந்த அழுத்தத்தையே காட்டும். உங்கள் நிலைமை 5×10⁻⁵-ஐ விட மோசமாகவும் இருக்கலாம். கேஜ் ஹெட்டைக் கழற்றி உள்ளே கறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்றம் 0.02-க்குள் இருந்தும் வேக்கம் இறங்கவில்லை என்றால்தான் பம்ப்பின் பக்கம் வாருங்கள். டிஃப்யூஷன் பம்ப்பையும் ரோட்டரி பம்ப்பையும் இணைக்கும் பேக்கிங் லைன் 0.05 மில்லிபாருக்குக் கீழே இருக்கிறதா? ரோட்டரி பம்ப் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்லெட்டை மூடி, கேஸ் பேலஸ்ட்டை (ஈரத்தை வெளியேற்ற பம்ப்புக்குள் சிறிது காற்றை விடும் வால்வு) திறந்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். குளிர்நீர் சரியாக ஓடுகிறதா, ஹீட்டரில் ஓர் இழை போயிருக்கிறதா என்று ஆம்மீட்டரில் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து, எண்ணெயும் கறுத்திருந்தால் அப்போது மாற்றுங்கள். ஹீட்டரை அணைத்து, தண்ணீரும் ரோட்டரியும் ஓட, பம்ப்பின் அடிப்பகுதி கை வைக்கும் அளவு ஆறிய பிறகே காற்றை உள்ளே விட வேண்டும். ஊற்றும் அளவு பம்ப்பின் கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள்.