தோளில் தொங்கும் ஒன்றரைக் கிலோ

(கும்பகோணத்தில் பதினாறு ஆண்டுகளாக லேப்டாப் பழுது பார்க்கும் கடை நடத்திவரும் பெண்மணி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மகள் கும்பகோணத்தில் பி.காம். முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். குத்தாலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். குறுவை நெல் போட்ட பணத்தில் நாற்பதாயிரம் வரை ஒதுக்கியிருக்கிறோம். ஒரு கடையில் பெரிய திரை உள்ள லேப்டாப்பை 39,000 ரூபாய்க்குச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் ‘எல்லா வேலையும் செய்யும்’ என்று 23,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார்கள். எங்கள் வீட்டில் இதைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லை. எதை வாங்கலாம்?
– ஒரு தாய், குத்தாலம்

பதில்: அம்மா, விலைக்குப் போகும் முன் உங்கள் மகள் ஏறும் பஸ்ஸைப் பற்றிப் பேசிவிடுகிறேன். காலை நேரத்தில் மயிலாடுதுறையிலிருந்து வரும் வண்டியில் குத்தாலத்தில் ஏறுபவர்களுக்கு உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். ஆடுதுறை, திருவிடைமருதூர் தாண்டிக் கும்பகோணம் வரை நின்றுகொண்டேதான் வரவேண்டும். என் கடை மேசையில் ஒரு எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது, காய்கறிக் கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. கல்லூரிப் பிள்ளைகள் வந்தால் பையை அதில் வைக்கச் சொல்வேன். போன மாதம் வந்த ஒரு பெண்ணின் பையில் லேப்டாப் மட்டும் 1.8 கிலோ, சார்ஜர் 350 கிராம். தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, நோட்டுகள் எல்லாம் சேர்த்து ஐந்து கிலோவை நெருங்கியது. “ரெண்டாவது வாரமே வீட்டுல வெச்சிட்டுப் போக ஆரம்பிச்சிட்டேன்க்கா” என்றாள். அலமாரியில் தூங்குவதற்கா நீங்கள் நெல் போட்ட பணத்தைக் கொடுக்கப் போகிறீர்கள்?

அதனால் பெரிய திரை வேண்டாம். அட்டைப்பெட்டியில் 39.62 செ.மீ. என்று போட்டிருந்தால் அது 15.6 இன்ச், 35.56 செ.மீ. என்றால் 14 இன்ச். உங்கள் மகளுக்கு 14 இன்ச்தான் சரி. எடை ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கட்டும். பி.காம். படிப்பவள், டேலி என்ற கணக்கு மென்பொருள் கற்றுக்கொள்வாள், எண்களைத் தட்ட வலது பக்கம் தனிக் கட்டை வேண்டுமே, அது பெரிய திரை லேப்டாப்பில்தான் இருக்கும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். நியாயமான பேச்சுதான். ஆனால் அது யூஎஸ்பியில் செருகும்படி தனியாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி வீட்டு மேசையில் வைத்துக்கொள்ளலாம், பஸ்ஸில் சுமக்க வேண்டியதில்லை.

அடுத்து அந்த 23,000 ரூபாய் லேப்டாப். பெட்டியைப் பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடுவேன்: மலிவான செலரான் சிப், 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 64 அல்லது 128 ஜிபி சேமிப்பிடம், அதுவும் ‘இஎம்எம்சி’. இந்தக் கடைசி வார்த்தையைப் பார்த்தால் வெளியே வந்துவிடுங்கள். போன வாரம்கூட இப்படி ஒன்று பழுதுக்கு வந்தது. அடிமூடியைக் கழற்றினால் பச்சைப் பலகையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சில்லு. அதுதான் மொத்தச் சேமிப்பிடமும். பலகையோடு பற்றவைத்திருக்கிறார்கள், கழற்றிப் பெரிதாக மாற்ற முடியாது. பக்கத்தில் இருந்த ரேமும் அப்படியே. விண்டோஸ் 11 நிறுவுவதற்கே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் குறைந்தபட்சத் தேவை. அதாவது, வாங்கும் நாளிலேயே இந்த லேப்டாப் வாசற்படியில் நிற்கிறது. இரண்டு அப்டேட் வந்ததும் இடம் போதவில்லை என்று நின்றுவிடும். கொண்டுவந்த பையன், “ஏதாவது பண்ணுங்கக்கா, அப்பா திட்டுவாரு” என்று நின்றான். பண்ண ஒன்றுமில்லை என்று அவனிடம் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நாற்பதாயிரத்துக்குள் நல்லது கிடைக்காதா? தேடினால் கிடைக்கும். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் மாடல் பெயரை எழுதிக் கொடுப்பதைவிட, கடையில் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையோடு கொண்டுபோங்கள்.

ரேம் 8 ஜிபி, சேமிப்பிடத்துக்கு எஸ்எஸ்டி 512 ஜிபி. இவை எல்லாக் கடையிலும் சொல்லும் கணக்கு. நீங்கள் அதற்கு மேல் ஒன்று கேளுங்கள்: “ரேம் ஸ்லாட் இருக்கா?” இருந்தால் மூன்றாவது ஆண்டில் லேப்டாப் மெதுவாகும்போது இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் வாங்கியதோடு சரி. இன்டெலில் ஐ3-1215யு நல்ல சிப், ஆறு கோர் (உள்ளே வேலை செய்யும் பகுதிகள் ஆறு), படிப்புக்குத் தாராளம். ஏஎம்டியின் ரைசன் சிப் என்றால் எண்ணைக் கவனிக்க வேண்டும். 7320, 7520 என்று 7000 வரிசையில் இருப்பதைப் புதுசு என்பார்கள். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். அது 2 என்றால் 2019-இல் வெளிவந்த ‘ஜென் 2’. இந்த இரண்டு சிப்களோடும் வரும் ரேம் பற்றவைத்ததாகத்தான் இருக்கும். 7530 என்றால் ‘ஜென் 3’, அது பரவாயில்லை.

பேட்டரிக்குப் பெட்டியில் ‘10 மணி நேரம்’ என்று போட்டிருக்கும். அதை விட்டுவிட்டு பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ‘வாட் அவர்’ எவ்வளவு என்று பாருங்கள். டைப் அடிப்பது, இணையத்தில் படிப்பது மாதிரி வேலைக்கு இந்த ரக லேப்டாப் சுமார் 8 வாட் இழுக்கும். 42 வாட் அவர் பேட்டரி என்றால் ஐந்து மணி நேரம் தேறும். மாதப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால், சிக்கனமாக வைத்துக்கொண்டு மதியம் வரை ஓட்டிவிடலாம். 36 வாட் அவருக்குக் கீழே போகாதீர்கள்.

அப்புறம், மகளையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். மூடியைத் திறந்து மூடச் சொல்லுங்கள். என்னிடம் வரும் மலிவு லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கீல் உடைந்தவைதான். ‘ஹிஞ்ச்’ என்போம். கீலின் திருகாணி பிடித்திருப்பது பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை நட்டு. மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் தினமும் தூக்கினால், அந்தப் பக்க நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடும். மூடி இறுக்கமாக நறநறத்தால் அந்த மாடல் வேண்டாம். எது வாங்கினாலும் மேல் விளிம்பின் நடுவில் பிடித்துத் திறக்கும் பழக்கம் மகளுக்கு வரட்டும்.

கேள்வி: என் பையனுக்கு ஐ5, 8 ஜிபி ரேம், 4-ஆம் தலைமுறை லேப்டாப் 12,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டில் வருகிறது. கம்பெனி மாடல், பார்க்கப் புதுசு போல இருக்கிறது. வாங்கலாமா?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: இதை வேண்டாம் ஐயா. ஐ5 என்ற பெயரைவிட அதன் பின்னால் வரும் எண்தான் முக்கியம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெலில் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஐ5-8250, 8350 என்று 8-இல் ஆரம்பித்தால் எடுக்கலாம்.

ஆனால் செகண்ட் ஹேண்ட் என்பதற்காக ஒதுக்காதீர்கள். அலுவலகங்களில் ஓடிவந்த திங்க்பேட் டி480, டெல் லாட்டிடியூட் 7490 போன்றவற்றின் கீலும் கீபோர்டும் இன்றைய மலிவுப் புது லேப்டாப்பைவிட உறுதி. நான் பலருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். டி480-இலேயே 7-ஆம் தலைமுறை சிப்போடு வந்தவையும் உண்டு என்பதால் எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள். விற்பவரிடம் ‘பேட்டரி ரிப்போர்ட்’ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே அந்த வசதி உண்டு. ‘டிசைன் கெபாசிட்டி’க்கும் ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’க்கும் உள்ள இடைவெளிதான் பேட்டரியின் வயசு. பாதிக்குப் பாதி என்றால் புதுப் பேட்டரிக்கான காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு உப்பளத்துக்குப் பக்கம். போன லேப்டாப்பின் யூஎஸ்பி துளைகள் இரண்டு வருடத்தில் பச்சை பிடித்துப் போயின. மழைக் காலத்தில் மின்சாரமும் அடிக்கடி போகிறது. எங்களைப் போன்றவர்கள் என்ன வாங்குவது?
– கல்லூரி மாணவர், வேதாரண்யம்

பதில்: தம்பி, உப்புக் காற்றைத் தாங்கும் மலிவு லேப்டாப் என்று ஒன்று கிடையாது. பழக்கத்தில்தான் காப்பாற்ற முடியும். தினமும் கொஞ்ச நேரமாவது போடுங்கள், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் காயும். வாரக்கணக்கில் மூடிவைத்தவைதான் அதிகம் கெட்டுப்போய் வருகின்றன. பைக்குள் நாலைந்து சிலிகா ஜெல் பொட்டலம் கிடக்கட்டும்.

ஈரம்பட்டால் அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தவிட்டுத் தூள் துளைகளுக்குள் போய் ஈரத்தோடு பசையாகிவிடும். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூரை மாதிரி கவிழ்த்துவைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். அறுவடை நேரத்தில் களத்துப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் லேப்டாப்புகளின் விசிறியைக் கழற்றினால், பதர்த் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். உங்கள் ஊரில் நெல் குறைவு என்றாலும் மணல் இருக்கிறதே. வருஷத்துக்கு ஒரு தடவை விசிறியைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

மின்சாரத்துக்கு: டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் மாடலாக வாங்குங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் உங்களுடையது. ஜெனரேட்டர் வீட்டு வாசலில் மொபைலுக்குச் சார்ஜ் போட வரிசையில் நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். டைப்-சி இருந்தால் 20,000 எம்ஏஎச், 65 வாட் ‘பிடி’ (பவர் டெலிவரி) பவர் பேங்க் ஒன்றிலேயே லேப்டாப்பை ஏறக்குறைய ஒரு முறை முழுதாக ஏற்றிக்கொள்ளலாம். சாதாரண பவர் பேங்கில் லேப்டாப் ஏறாது, ‘பிடி’ என்று கேட்டு வாங்குங்கள். லேப்டாப்பிலும் டைப்-சி துளை இருந்தால் மட்டும் போதாது. சிலவற்றில் அது ஃபைல் மாற்ற மட்டும்தான், சார்ஜ் ஏறுமா என்று கடையிலேயே செருகிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். எங்கள் ஊர்க் கோயில் பற்றிப் புத்தகம் எழுதுகிறேன். வீட்டிலேயே வைத்துத் தட்டச்சு செய்ய எது ஏற்றது? பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளும் இருக்கின்றன.
– பாபநாசம் வாசகர்

பதில்: ஐயா, மேலே குத்தாலத்து அம்மாவுக்கு வேண்டாம் என்று சொன்ன 15.6 இன்ச் உங்களுக்குத்தான் ஏற்றது. வெளியே தூக்கிப்போக வேண்டியதில்லை, எழுத்தும் பெரிதாகத் தெரியும். மேலே சொன்ன 8-ஆம் தலைமுறை செகண்ட் ஹேண்டே போதும். மிச்சக் காசில் திரை ‘ஐபிஎஸ்’ ஆக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், சாய்ந்து உட்கார்ந்தாலும் எழுத்து மங்காது.

தமிழ்99 விசைப்பலகை முறை விண்டோஸ் 11-இலேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். தமிழாசிரியரான உங்களுக்கு ஒரு வாரத்தில் கை பழகிவிடும். எழுதுவதற்கு லிப்ரே ஆஃபிஸ் இலவசம். பாமினிக் கோப்புகளை, இன்று எங்கும் படிக்க முடிகிற யூனிகோடு முறைக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் இருக்கிறது, அதுவும் இலவசம். மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாக வாசித்துச் சரிபாருங்கள். அப்புறம், முடித்த பக்கங்களை வாரம் ஒரு முறை பென் டிரைவில் நகல் எடுத்து, வேறொரு வீட்டில், மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ, வைத்துவிடுங்கள். புத்தகம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி வேண்டும் ஐயா, காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.